மூன்றாவது சொட்டு

...இன்றைக்குத்தான் அந்த நாள். குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிற தாளில் தன் கையாலேயே சிவப்புப் பேனையால் வட்டம் போட்ட நாள், மே பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை, இன்று தொடக்கம் மூன்று சொட்டு இல்லை, இரண்டு சொட்டு. ஆறு கிழமைக்கு முன் டொக்டருக்குப் பக்கத்தில் இருந்து நாளெண்ணிப் போட்ட வட்டம் அது, அந்த வட்டத்துக்கு ஒரு நாள் முன்னால் அங்கே வன்னியில் எல்லாம் முடிந்துபோகும் என்று அப்போது யார் கண்டது... செல்வமலர் குசினி மேசையில் இருந்தாள், முன்னால் அரைக் கிளாஸ் தண்ணீர், கையில் கபில நிறக் குப்பி, மூடி இன்னும் திறக்கவில்லை. நேற்று முழுக்க ஓடிய தொலைக்காட்சியை கணவர் நவரத்தினம் வேலைக்குப் போகும்போது நிறுத்திவிட்டுப் போயிருந்தார். போகும்போது கதவடியில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு கேட்டார், "இண்டைக்கும் குறைக்கப் போறியே?" தாளில அப்பிடித்தான் கிடக்கு என்றாள். "அந்தத் தாளை எழுதேக்க சனம் உயிரோட இருந்தது, செல்வம். உன்ர தீர்த்தத்தைக் குறைக்க வேற நாள் கிடைக்கேல்லையே, விசரி?" என்று பகிடியாகத்தான் தொடங்கினார், பாதியில் குரல் வேறு எங்கேயோ போய்விட்டது, சாப்பாட்டுப் பெட்டியை எடுக்காமலே இறங்கிப் போய்விட்டார். பெட்டி அங்கேயே இருக்கிறது, புட்டும் முட்டைப் பொரியலும். எட்டரைக்கு இராசலட்சுமி அக்கா வருகிறாள். காலை ஆறு மணிக்கே தொலைபேசியில், "நான் வாறன், நீ ஒண்டும் வாயில வைக்காமல் இரு" என்றாள். ஒன்றும் என்றால் தண்ணீர் கூடவா, இந்தச் சொட்டுக் கூடவா... அக்காவுக்குச் சொட்டைப்பற்றித் தெரியாது. டென்மார்க்கின் இந்த ஹொல்ஸ்டெப்ரோவில் உள்ள எந்தத் தமிழ்ச் சனத்துக்கும் தெரியாது.

பதின்மூன்று வருடம். முதலில் ஒரு வெள்ளைக் குளிசை, பிறகு இரண்டு, பிறகு ஒரு பெரிய குளிசை, சோறு தின்பதுபோல, பல் தீட்டுவதுபோல. குறைக்கத் தொடங்கி ஒன்றரை வருடத்துக்கு மேலாகிறது. முதலில் குளிசையைப் பாதியாக்கினார்கள், பிறகு பாதியில் பாதி, அதற்குப் பிறகு கத்தியால் வெட்ட ஏலாத அளவுக்கு வந்தபோது டொக்டர் இந்தக் குப்பியை எழுதித் தந்தாள், இனி எண்ணிக் குடி என்று. மெலிந்த பெண், செல்வமலரின் வயதுதான் இருக்கும், கதைக்கும்போது கணினியைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பவள். கடைசிச் சொட்டுகள்தான் பெரியவை என்றாள் அவள், செல்வமலர் சிரித்தாள், சொட்டுக்குள்ளே பெரிய சொட்டு சின்னச் சொட்டு இருக்கிறதா என்று. சொன்னால் நம்பமாட்டீர்கள், இருக்கிறது. எட்டிலிருந்து ஏழுக்கு வந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. நான்கிலிருந்து மூன்றுக்கு வந்த சித்திரையில் இரண்டு கிழமை கால் நிலத்தில் படியவில்லை, வள்ளத்தில் நிற்பதுபோல, கனவெல்லாம் கலர்க் கனவு, கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் தலைக்குள் ஒரு சின்ன மின்னல். பொறுத்துக்கொண்டாள், கூடினால் வந்து சொல் என்று டொக்டர் சொல்லியிருந்தாள், கூடவில்லை, மெல்ல அடங்கியது. அதற்குப் பிறகு ஒரு காலை, வேலைக்குச் சைக்கிளில் போகிற வழியில், மஞ்சளாகப் பூத்துக் கிடந்த ராப்ஸ் என்கிற எண்ணெய்க் கடுகு வயல் பக்கம் இருந்து ஒரு மணம்... தேனும் முட்டைக்கோவா இலையும் கலந்த மாதிரி. இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறாள், ஒவ்வொரு மேயும் அந்த வயல் மஞ்சளாகத்தான் நின்றிருக்கும், ஒரு நாளும் மணக்கவில்லையே. இறங்கி நின்றுவிட்டாள். உழவு இயந்திரத்தில் போன ஒரு கிழவர் நிறுத்தி, காற்றுப் போய்விட்டதா என்று கேட்டார், சைக்கிள் சில்லுக்குத்தான் கேட்டார், இல்லை மணக்குது என்றாள், அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஒரு சொட்டு மருந்து எங்கே, முழு வயல் எங்கே. ஒரு சொட்டை எடுத்து வைத்தால் பின்னாலே ஒரு வயல் நிற்கிறது என்றால், இன்னும் மூன்று சொட்டுக்குப் பின்னால் என்னென்ன நிற்கிறதோ, அம்மாளே.

என்ன நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாமலும் இல்லை. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்தபோது தங்கச்சி கிளாலிக் கரையில் வள்ளத்துக்கு நின்றாள். சித்தப்பாவின் கடிதம் மூன்று மாதம் கழித்து, தையில், பனிக்குள்ளே வந்தது. சனநெரிசல், தங்கச்சிப் பிள்ளையை ஒரு இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன், திரும்பி வர அவளுடைய பை நின்றது, பிள்ளை நிற்கவில்லை... அவ்வளவுதான் எழுதியிருந்தார். செத்தாள் என்றும் இல்லை, இருக்கிறாள் என்றும் இல்லை. செத்தவீடு என்றால் அழலாம், எட்டுச் செலவு, முப்பத்தொன்று, எல்லாவற்றுக்கும் ஒரு நாள் உண்டு, பை மட்டும் நின்றதற்கு என்ன நாள் செய்வது? செல்வமலர் அழவில்லை, படுத்தாள். மாசி, பங்குனி, சித்திரை, எழும்பவில்லை, தலை வாரி இழுக்கவில்லை, நவரத்தினம்தான் சமைத்தார், பிறகு டொக்டரிடம் தூக்காத குறையாகக் கொண்டுபோனார். குளிசை தொடங்கி ஆறாம் கிழமை எழும்பி முகம் கழுவினாள். அதை மறக்கக்கூடாது, அந்தக் குளிசை இல்லையென்றால் அவள் இல்லை. எழும்பினாள், டேனிஷ் படித்தாள், முதியோர் இல்லத்தில் வேலை எடுத்தாள், சிரித்தாள். அழுகை மட்டும் வரவில்லை, மாமியார் செத்ததற்கு வரவில்லை, வெங்காயத்துக்குக் கூட வரவில்லை என்று நவரத்தினம் பகிடி விடுவார்.

ஒரே ஒரு தரம் வந்தது. அதுதான் இப்போது எட்டரைக்கு வரப்போகிறது, இராசலட்சுமியின் காலில் ஏறி.

இரண்டரை வருடத்துக்கு முன் நவராத்திரி. ஒன்பது நாளும் பாலும் பழமும் மட்டும் என்று விரதம் பிடித்தாள், அம்மாளுக்கு நேர்ந்த வயிற்றுக்குள் குளிசை எதற்கு என்று அதையும் விட்டாள், ஒருவரையும் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை, விரதத்தில் வெற்றிலை விடுவதுபோல விட்டாள். நான்காம் நாள் தலைக்குள் மின்னத் தொடங்கியது. ஏழாம் நாள் கை நடுங்கியது, விரதம் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டாள், பாருங்கோ, எவ்வளவு பிழையான சந்தோஷம். விசயதசமி அன்று வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் பூசை, கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே அம்மாள் படம், ஐயர் தீபத்தைத் தூக்க அவள் கண்ணும் கூடவே தூக்கியது, ஒரு மின்னல், இரண்டு, பத்து... பிறகு தரையில் இருந்தாள், தலைமயிர் அவிழ்ந்து, உடம்பெல்லாம் ஆடி, வாயிலிருந்து ஏதோ சத்தம், கண்ணிலிருந்து தண்ணீர், அப்படித் தண்ணீர், பத்து வருடத்துத் தண்ணீர். "அம்மாள் வந்திட்டா!" என்று யாரோ கத்தினார்கள். வேப்பிலைக்கு எங்கே போவது, விக்ரோரியா ஓடிப்போய் வெளியே நின்ற பேர்ச் மரத்தில் ஒரு கொப்பை முறித்துக்கொண்டு வந்தாள், வேதக்காரி, சேர்ச்சுக்குப் போகிறவள், வேடிக்கை பார்க்க வந்தவள், அவள்தான் முதலில் ஓடினாள். இராசலட்சுமி அக்கா வந்து முன்னால் விழுந்தாள். "தாயே, என்ர தம்பி குலேந்திரன் வன்னிக்குள்ள... ஒரு வார்த்தை சொல்லு." செல்வமலரின் வாய் சொன்னது, இன்றைக்கும் அவளுக்குக் கேட்கிறது, தன் குரல் இல்லாத தன் குரல், "கரையில நிக்கிறான். பையோட நிக்கிறான். ஒருத்தரும் ஏத்தேல்லை. பயப்பிடாதை, வருவான்."

குளிசையைத் திடீரென்று விட்டால் அப்படித்தான் வரும் என்று டொக்டர் பிறகு விளங்கப்படுத்தினாள். மின்னல், நடுக்கம், அழுகை, எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. அழவும் பேசவும் வைத்தது குளிசை விட்டதுதானா, அந்தச் சொல்லைத் தந்தது எது என்று செல்வமலர் கேட்டாள், டொக்டர், அதற்கு என்னிடம் பதில் இல்லை என்றாள். அந்தப் பதிலுக்காகத்தான் செல்வமலர் அவளை நம்பினாள். ஆனால் விரதம் முடிந்த பிறகு வந்த ஏழு கிழமை... அதை யாருக்கும் சொல்லமாட்டாள். ஒரு பின்னேரம் ஸ்டோர் ஆற்றுப் பாலத்தில் அரை மணித்தியாலம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நவரத்தினத்துக்கும் சொல்லவில்லை, டொக்டருக்கு மட்டும் சொன்னாள், அதே கிழமை குளிசை திரும்பத் தொடங்கியது. உடம்பும் மனமும் நிமிர்ந்து ஒரு வருடம் கிட்ட ஆன பிறகுதான் குறைப்பதைப்பற்றிக் கதைத்தார்கள், ஆறுதலாக, எழுதி வைத்து. டொக்டர் சொன்னது இதுதான், ஒருநாளும் நீயாக ஒரேயடியாக விடாதே, ஒவ்வொரு படியிலும் நின்று பார், பெரிய காற்று அடித்தால் அந்தப் படியிலேயே நில், நிற்பதும் இறங்குவதில் ஒரு பகுதிதான்.

பெரிய காற்று என்றால் எவ்வளவு பெரியது? போன நான்காம் திகதி பின்னேரம் முதியோர் இல்லத்தில் எல்லா யன்னலிலும் மெழுகுதிரி வைத்தார்கள், ஒவ்வொரு மே நான்கும் வைப்பது, ஜெர்மன்காரன் போன நாளுக்காக. இங்கெர் கிழவியின் யன்னலில் செல்வமலர்தான் வைத்தாள். நெருப்பு என்றால் தாதி சத்தம் போடுவாள் என்று பொய்மெழுகுதிரி, பற்றரியில் எரிவது, இங்கெருக்கு அது பிடிக்கவில்லை, இது ஏமாத்து என்றாள். நாற்பத்தைந்தில் அன்றைக்கு வானொலியில் சொன்னவுடன் பதினைந்து வயதுப் பெட்டை இங்கெர் யன்னலில் வெளிச்சம் மறைக்கக் கட்டியிருந்த கறுப்புத் துணியைக் கிழித்து எறிந்தாளாம், தெரு முழுக்க வெளிச்சம், எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்களாம். நீயும் அழுதாயா என்று கேட்டாள் செல்வமலர். "இல்லை. எனக்கு ஆவணியில்தான் வந்தது. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு இருந்தேன். யாருக்கு என்று அம்மா கேட்டா, எனக்கே தெரியவில்லை." பிறகு கிழவி பொய்மெழுகுதிரியை ஊதிப் பார்த்தாள், அணையவில்லை, இரண்டு பேரும் சிரித்தார்கள். சண்டை முடிவது என்றால் தெருவில் வெளிச்சம் வருவது என்று அந்தக் கிழவிக்குத் தெரியும். இங்கே நேற்று முடிந்ததற்கு எந்த யன்னலில் எதை வைப்பது...

மணி எட்டு இருபது. கீழே சைக்கிள் வந்து சுவரில் முட்டுகிற சத்தம். இராசலட்சுமி அக்கா சைக்கிள் ஓடமாட்டாள், பதினெட்டு வருடமாக உருட்டிக்கொண்டுதான் திரிகிறாள், பை கொழுவ நல்ல வசதி என்பாள். படியேறி வந்தவளின் இரண்டு கையிலும் பை, தேங்காய், வாழைப்பழம், ஒரு லீற்றர் பால், எங்கிருந்தோ வருவித்த காய்ந்த வேப்பிலை ஒரு கட்டு. முகம் வீங்கிக் கிடந்தது. கதிரையில் இருக்கவில்லை. "ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே?" இல்லை அக்கா. "தேத்தண்ணி?" இல்லை. "அது போதும். கேள், பங்குனியில கதைச்சவன், அதுக்குப் பிறகு ஒரு சத்தம் இல்லை. முள்ளிவாய்க்காலுக்கை நிண்டவன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு. நீ சொன்னமாதிரியே கரைதான், செல்வமலர், நீ சொன்னமாதிரியே கரை..." மூச்சு வாங்கினாள். "இண்டைக்குத் தொடங்கி ஒரு நாலு நாள் இரு. அண்டைக்கு இருந்தமாதிரி. நான் உன்ர வேலைக்கு அடிச்சுச் சொல்லுறன், காய்ச்சல் எண்டு. உனக்குக் காலைப் பிடிச்சு விடுறன், சமைச்சு வைக்கிறன், அந்த மனிசனுக்கும் சேர்த்து. அம்மாளிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லு. இருக்கிறானோ இல்லையோ, ஏதாவது ஒண்டு. இல்லையெண்டாலும் பறவாயில்லை. நான் அவனுக்கு ஒரு விளக்காவது வைக்கவேணும்."

செய்யலாம். அதுதான் பயங்கரம், அவளால் செய்யமுடியும். அம்மாளை அழைக்கிற மந்திரம் உலகத்திலேயே அவளுக்கு மட்டும் தெரியும், இந்தக் குப்பியைத் திறக்காமல் விடுவதுதான் அந்த மந்திரம். நான்காம் நாள் மின்னும், ஏழாம் நாள் நடுங்கும், பத்தாம் நாள் ஆடும், பிறகு வாய் திறக்கும். எதைச் சொல்லும்? அவளுக்குத் தெரியாது, வாய்க்கும் தெரியாது. அந்த ஆட்டத்தில்தான் ஒரு தரம் அழுதாள், அந்த அழுகையின் சுகம் இன்னும் நெஞ்சுக்குள் ஒரு இடத்தில் ஈரமாக இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது, ஆசையும் இருக்கிறது. பிறகு ஏழு கிழமை. பிறகு பாலம். இந்த முறை பாலத்தில் கைப்பிடியைப் பிடிப்பாளா... அக்கா வேப்பிலைக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், காய்ந்த இலை மேசையெல்லாம் கொட்டியது. செல்வமலர் குப்பியின் மூடியைத் திறந்தாள். ஒன்று. அக்கா நிமிர்ந்தாள். இரண்டு. இங்கே நிறுத்து என்றது தாள், சிவப்பு வட்டம். காற்று அடித்தால் நில் என்றது டொக்டரின் குரல். மூன்று. மூன்றாவது சொட்டு தண்ணீரில் விழுந்து ஒரு கணம் புகைபோல நின்று கரைந்தது. இதைவிடச் சின்னதாக இந்த வீட்டில் ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு மனிசி இன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். குடித்தாள்.

"என்ன பிள்ளை அது?" விசருக்குக் குடிக்கிற மருந்து அக்கா, என்றாள். வேறு நல்ல சொல் அந்த நேரம் வாயில் வரவில்லை. பதின்மூண்டு வருசம். விரதத்துக்கு விட்டனான், விட்டதால ஆடினது. அம்மாள் வந்தவவோ இல்லையோ எனக்குத் தெரியாது, ஆனால் மருந்தை விட்டது தெரியும். திரும்ப விட்டால் நான் இருக்கமாட்டன்... கடைசி வசனத்தைச் சொல்லும்போது கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள். இராசலட்சுமி கையிலிருந்த வேப்பிலையை மேசையில் வைத்தாள். பிறகு மெல்ல, "ரெண்டரை வருசம்," என்றாள். "ரெண்டரை வருசம் ஒவ்வொரு வெள்ளியும் உனக்குப் பழம் கொண்டுவந்து தந்தனான், என்னடி. தின்னேக்க ஒரு நாளாவது தொண்டையில சிக்கேல்லையே?" சிக்கினது அக்கா. "அப்ப என்ர தம்பி?" தெரியாது. "தெரியாதெண்டு அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே!" சத்தம் போட்டாள், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, பால் பெட்டியைத் தூக்கினாள், எறியத்தான் போகிறாள் என்று செல்வமலர் நினைத்தாள், அக்கா அதைக் குளிர்சாதனப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, வெளியில வைச்சால் பழுதாப்போம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, வந்ததிலிருந்து முதல்தரமாகக் கதிரையில் இருந்தாள். இவ்வளவு கோபத்துக்குள்ளும் பால் பழுதாகக்கூடாது... மனிசரைப் பார்க்கப் பார்க்க அதிசயமாக இருக்கிறது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வேப்பிலையைப் பொறுக்கினார்கள். பிறகு இராசலட்சுமி ஏதோ கணக்குப் பிழைத்தவள்போல நெற்றியைச் சுருக்கினாள். "ஒண்டு கேக்கிறன், கோவிக்காதை. அந்தப் பை... பையோட நிக்கிறான் எண்டனீ. குலேந்திரன் ஒருக்காலும் பை காவித் திரியிறவன் இல்லை, வெறுங்கையன், கலியாணவீட்டுக்கும் கையை வீசிக்கொண்டுதான் வருவான். நான் அண்டைக்கே யோசிச்சனான், அம்மாளுக்கு ஆள் மாறிப்போச்சோ எண்டு. கேக்கப் பயத்தில விட்டிட்டன். ஆரின்ர பையடி அது?"

செல்வமலருக்குத் தலைக்குள் மின்னவில்லை. மூன்று சொட்டு உள்ளே இருக்கிறது, கால் நிலத்தில்தான் இருக்கிறது, யன்னலுக்கு வெளியே சிரேன் செடி ஊதாவாகப் பூத்த வேலி அப்படியே நிற்கிறது. அப்படியே எல்லாம் நிற்க, தெளிவாக, பகல் வெளிச்சத்தில், அந்தக் கரை தெரிந்தது. வள்ளம், சனம், ஒருத்தரும் ஏற்றாமல் ஒரு ஆள்... அக்காவின் தம்பியைக் கேட்டபோது அவளுக்குள்ளே இருந்த ஒரே கரையைத்தான் வாய் எடுத்துக் கொடுத்திருக்கிறது. அவ்வளவு பெரிய மண்டபத்தில், அவ்வளவு சனத்துக்கு நடுவில், வருவான் என்று அவள் யாருக்குச் சொன்னாள்? "என்ர தங்கச்சியின்ர," என்றாள். "உனக்குத் தங்கச்சி இருக்கோ?" இருபது வருடமாகப் பழகிய மனிசி கேட்கிறாள். "பேர் என்ன?"

"றஜனி."

இந்த நாட்டுக் காற்றில் அந்தப் பெயரை ஒரு தரமும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது, நவரத்தினம்கூட உன்ர தங்கச்சி என்றுதான் சொல்லுவார், இவள் அதையும் சொன்னதில்லை. பெயர் குசினிக்குள் நின்றது, கூரை விழவில்லை. இராசலட்சுமி அதை ஒரு தரம் தன் வாயாலும் சொல்லிப் பார்த்தாள், றஜனி, என்று, புது வீட்டுக்கு வந்த ஆளை உள்ளே கூப்பிடுகிற மாதிரி. "எத்தினை வயசு?" என்று கேட்டாள். இருபத்தாறு என்று செல்வமலர் சொல்லிவிட்டாள், யோசிக்காமல், எப்போதும் மனதுக்குள் இருக்கிற வயது, சொல்லிவிட்டு வாய் அப்படியே நின்றது... இருபத்தாறு அப்போது. இப்போது நாற்பது. இருந்தால் நாற்பது, பதினான்கு வருடமாக அவளை ஒரு நாள்கூட வளரவிடாமல் வைத்திருந்தது யார், குளிசையா, தானா, நாற்பது வயதுத் தங்கச்சிக்குத் தலை நரைத்திருக்குமா, அம்மாவைப்போல முன்பக்கம் முதலில் நரைக்குமா... அந்த முகத்தைப் பார்க்க முயன்றாள், வரவில்லை, ஆனால் முயலலாம் என்று இருந்தது. "என்ன, வயசு மறந்துபோனியோ?" என்றாள் இராசலட்சுமி. "இல்லை அக்கா," என்றாள் செல்வமலர், "எண்ணிக்கொண்டு இருக்கிறன்."